டிஆர்பி: யாரில் எத்தனை பேர்?

வியாழக்கிழமை வந்தால் “இந்த வார டிஆர்பி ரேட்டிங்கில் முதலிடம் யாருக்கு?” என்று செய்திகள் வரிசைகட்டும். டிஆர்பி என்பதன் விரிவு டெலிவிஷன் ரேட்டிங் பாயின்ட். நடுவில் நிற்கும் ‘ஆர்’ எழுத்தே ரேட்டிங்தான். அதன் பின்னால் இன்னொரு ரேட்டிங் சேர்ப்பது ‘நடு சென்டர்’ என்று சொல்வது மாதிரி.

தமிழில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் ஆங்கிலச் சுருக்கத்தையும் நாம் டிஆர்பி என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வேறு, தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘பி’. ‘டிஆர்பி முடிவு வெளியீடு’ என்ற தலைப்பைப் பார்த்து, தேர்வெழுதிக் காத்திருக்கும் ஒருவர் பதறிப்போய்த் திறந்தால் உள்ளே சீரியல் பட்டியல் இருக்கும். நல்ல தமிழ்ச் சொல் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். ஆனால் இதைவிடப் பெரிய காரணம் ரேட்டிங் என்ற சொல்லுக்குள் இருக்கிறது.

ரேட் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் உள்ள ‘ராட்டா’. கணக்கிட்டு ஒதுக்கிய பங்கு என்பது அதன் பொருள். மாதத்தின் நடுவில் வேலையில் சேர்ந்தவருக்கு நாள் கணக்குப் பார்த்துச் சம்பளம் போடும்போது ‘ப்ரோ ரேட்டா’ என்கிறார்களே, அதே சொல்தான். ஹோட்டலுக்கும் சினிமாவுக்கும் நட்சத்திரம் போடும் பழக்கம் வந்தபின், ரேட்டிங் என்றால் தரத்துக்குக் கொடுக்கும் மார்க் என்ற எண்ணம் நம் மனதில் ஊறிவிட்டது. டிஆர்பியில் வரும் ரேட்டிங் அந்தப் பழைய பொருளிலேயே நிற்கிறது. மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்று மட்டுமே அது சொல்லும். நிகழ்ச்சி நல்லதா கெட்டதா என்பது அதன் வேலையே கிடையாது.

அளக்கும் வேலை வானொலிக் காலத்திலேயே தொடங்கியது. 1930-ல் அமெரிக்காவில் ஆர்ச்சிபால்ட் கிராஸ்லி, வீடுகளுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தார். தொலைபேசி இல்லாத வீடு அந்தக் கணக்கில் கிடையாது. யாரையாவது விட்டுவிடுவது இந்தக் கலையோடு கூடப் பிறந்தது என்றே நினைக்கிறேன். பிறகு ஆர்தர் நீல்சனின் நிறுவனம், வானொலிப் பெட்டி எந்த நிலையத்தில் நிற்கிறது என்று தானே பதியும் கருவியை 1936-ல் வாங்கி வளர்த்தது. 1950-ல் தொலைக்காட்சிக்கும் வந்தது. ஆனால் பெட்டி ஓடுகிறது என்பது மட்டும் தெரிந்து என்ன பயன்? எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அதற்காக வந்ததுதான் பீப்பிள் மீட்டர். 1987-ல் அமெரிக்காவில் அது முறையாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்தியாவில் இப்போது அளப்பது பிராட்காஸ்ட் ஆடியன்ஸ் ரிசர்ச் கவுன்சில், சுருக்கமாக பார்க். 2015-ல் அதன் தரவு வரத் தொடங்கியது. ஒவ்வொரு சேனலின் ஒலியிலும் காதுக்குக் கேட்காத ஒரு குறி கலந்திருக்கும். தேர்ந்தெடுத்த வீடுகளில் இருக்கும் மீட்டர் அந்தக் குறியைப் பிடித்து, எந்த நிமிடம் எந்தச் சேனல் என்று பதிகிறது. அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் ஒரு பட்டன். விருந்தினருக்கும் உண்டு. பார்க்க உட்கார்ந்தால் அழுத்த வேண்டும், எழுந்துபோனால் மறுபடி அழுத்த வேண்டும்.

ஒரு மாலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். தாத்தா தன் பட்டனை அழுத்திவிட்டுச் செய்தி பார்க்கிறார். அப்புறம் கைபேசி அடிக்க, வாசலுக்குப் போய் அரைமணி நேரம் பேசுகிறார். பட்டனை மாற்றவில்லை. பாட்டி வேலையை முடித்து வந்து, ரிமோட்டைத் தொடாமலே சீரியலை முழுக்கப் பார்க்கிறார். மீட்டரின் கணக்கில் சீரியல் பார்த்தவர் தாத்தா. பாட்டி அங்கே இல்லவே இல்லை.

இனி புள்ளிக்கு வருவோம். ஒரு புள்ளி என்றால் நூற்றில் ஒரு பங்கு. 1,000 பேர் உள்ள குழுவில் 30 நிமிட நிகழ்ச்சி ஒன்றை 100 பேர் முழுதாகவும், இன்னொரு 100 பேர் பாதி நேரமும் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஒரு நிமிடத்தில் 150 பேர், ஆக 15 புள்ளி. எட்டிப் பார்த்தவர்களை எல்லாம் கூட்டினால் 200 பேர், 20 விழுக்காடு. இரண்டும் உண்மைதான், விளம்பரத்தில் பெரியதைப் போட்டுக்கொள்வார்கள். துறைக்குள் இருப்பவர்கள் வாராவாரம் பார்ப்பது அந்தச் சராசரி நிமிட எண்ணிக்கையைத்தான். அதை ஏஎம்ஏ என்பார்கள். வெளியே நம் வாயில் மட்டும் டிஆர்பி நிலைத்துவிட்டது.

2020-ல் பார்க் கணக்கிட்டபடி நாட்டில் டிவி உள்ள வீடுகள் 21 கோடி. அப்போது மீட்டர் இருந்த வீடுகள் சுமார் 44,000. ஒரு வீடு ஏறக்குறைய 4,800 வீடுகளுக்காகப் பேசியது. இதில் தவறு ஒன்றும் இல்லை, ஒரு பருக்கைதான் பதம். ஆனால் பருக்கை குறையக் குறையப் பதம் தப்பும். 1,000 பேர் குழுவில் 1 புள்ளி வாங்கிய நிகழ்ச்சியின் உண்மை அளவு 0.4-லிருந்து 1.6 வரை எங்கேயும் இருக்கலாம். சின்ன சேனல்களின் ஏற்ற இறக்கத்தை வெற்றி, தோல்வி என்று எழுதுமுன் இதை நினைக்க வேண்டும். ஒரு வீட்டின் எடை இவ்வளவு என்பதால்தான், மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்துச் சேனலை ஓடவிட்டதாக 2020 அக்டோபரில் எழுந்த புகார் நாட்டையே உலுக்கியது. செய்திச் சேனல்களின் கணக்கு 2022 மார்ச் வரை நிறுத்திவைக்கப்பட்டது.

பார்க்குக்கு முன்பு டாம் நிறுவனத்தின் கணக்கு முதன்மையாக நகரங்களைச் சார்ந்தே இருந்தது. கிராமங்களையும் சேர்த்த எண்கள் 2015 அக்டோபரில் வந்தபோது, இலவச டிடிஎச்சில் வரும் இந்திச் சேனல்கள் பட்டியலில் மேலே ஏறின. அந்தக் கிராமத்து மக்கள் அந்த மாதம் புதிதாக டிவி வாங்கவில்லை. பல வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இன்றும் மீட்டர் வைத்து அளக்கும் குழு என்பது வீடுகளின் குழு. விடுதி மாணவர்கள், ஓர் அறையில் பத்துப் பேராகத் தங்கி வேலை செய்பவர்கள், மருத்துவமனைக் கூடத்தில் காத்திருப்பவர்கள், டீக்கடையில் மேட்ச் பார்ப்பவர்கள், இவர்களுக்குப் பட்டன் கிடையாது. எண்ணப்பட்டும் ஒதுக்கப்படுகிறவர்கள் இன்னொரு வகை. குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பையும் வீட்டில் இருக்கும் பொருட்களையும் வைத்து வீடுகளை ஏ முதல் இ வரை பிரிக்கிறார்கள். விளம்பரம் தருபவர் தனக்கு வேண்டிய வயதையும் பிரிவையும் சொல்லி அந்த எண்ணை மட்டும் கேட்பார். டி பிரிவில் உள்ள ஒரு மூதாட்டி பட்டனை ஒழுங்காக அழுத்தினாலும், அந்தப் பிரிவின் எண்ணை யாரும் திறந்து பார்க்காமல் போகலாம். இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘தரவரிசை’ கூடாது, இல்லாத தரத்தை அது உள்ளே கொண்டுவருகிறது. ‘தொலைக்காட்சி மதிப்பீட்டுப் புள்ளி’ சொல்லுக்குச் சொல் சரியான பெயர்ப்பு, ஆனால் மதிப்பீடு என்றதும் மார்க் போடுவது போலத்தான் கேட்கிறது. ‘நேயர்’ எனக்குப் பிடித்த சொல். நேயம் கொண்டவர் என்று வானொலி தந்த அழகான பெயர். ஆனால் பட்டன் நேயத்தை அளப்பதில்லையே. என் தேர்வு ‘பார்வை விழுக்காடு’. விழு என்பதிலிருந்து பிறந்தது விழுக்காடு, ஒரு பங்குக்கு விழுவது. லத்தீன் ராட்டாவும் பங்குதான், வேரோடு பொருந்துகிறது. அதோடு, விழுக்காடு என்று காதில் விழுந்ததும் ‘எதில்?’ என்று கேட்கத் தோன்றும். டிஆர்பி 8 என்றால் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

தலைப்பில் இடமில்லை என்றால் ‘பார்வைப் புள்ளி’ போதும். செய்திக்குள் முழுதாக எழுதலாம்: “தமிழ்நாடு, புதுச்சேரி வீடுகளில், 2 வயதுக்கு மேற்பட்டோரில், இந்த வாரப் பார்வை விழுக்காடு 8.”