‘ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்’: 2,400 வருடப் பழைய மருந்துச்சீட்டு

மகப்பேறு மருத்துவராக இருப்பதால் இந்த வாக்கியம் அடிக்கடி என் காதில் விழுகிறது. மாதவிடாய் வலியில் சுருண்டு படுக்கும் பெண்ணிடம் ‘கல்யாணம் ஆகட்டும், சரியாகிவிடும்’ என்பார்கள். கல்யாணம் ஆனவள் என்றால், ‘ஒரு குழந்தை பெற்றுக்கொள், எல்லாம் போய்விடும்.’ அம்மா சொல்வார், அத்தை சொல்வார். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களும் சொல்வதுண்டு என்பதுதான் வருத்தம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. தங்களுக்குச் சொல்லப்பட்டதைத் திருப்பிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இது எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால் பாட்டி காலத்தோடு நிற்காது.

கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளில் கிரேக்கத்தில் எழுதப்பட்டு, ஹிப்போகிரட்டீஸ் பெயரில் தொகுக்கப்பட்ட நூல்களில் பெண்களின் நோய்களுக்கென்றே தனிப் பகுதிகள் உண்டு. கருப்பை உடலுக்குள் இடம்விட்டு இடம் நகரும், மேலேறி மற்ற உறுப்புகளை அழுத்தும், மூச்சுத்திணறலும் வலியும் அதனால்தான் வருகின்றன என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வைத்தியம்? மூக்கருகே துர்நாற்றம் அடிக்கும் பொருளைக் காட்டுவது, கீழே வாசனைப் புகை போடுவது. நாற்றம் பிடிக்காமல் கருப்பை வாசனையைத் தேடிக் கீழே இறங்கிவிடுமாம். இன்னொரு வைத்தியமும் அங்கேயே இருக்கிறது: மணம் செய்துகொள், கருத்தரி.

அப்போதும் எதிர்த்துப் பேசியவர்கள் இருந்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் சொரானஸ் என்ற மருத்துவர், கருப்பை ஒன்றும் குகையை விட்டுக் கிளம்பும் காட்டு விலங்கில்லை என்று சொல்லி, அந்தப் புகை வைத்தியத்தையும் கண்டித்தார். ஆனாலும் அடுத்துவந்த காலத்தை ஆண்டது கேலன் என்ற கிரேக்க மருத்துவரின் கருத்துதான். பெண்ணின் உறுப்புகள் ஆணின் உறுப்புகளேதான், உடலில் சூடு போதாமல் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிட்டன என்றார் அவர். குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்துவிட்டு மனித உடலைப் பற்றி எழுதியவர்! 1543இல் வெசேலியஸ் என்ற உடற்கூறு அறிஞர் மனித உடல்களையே அறுத்துப் பார்த்துப் புத்தகம் போட்டார், கேலனின் பல பிழைகளைத் திருத்தினார். அதே புத்தகத்தில் பெண்ணின் பிறப்புப்பாதைப் படம் அப்படியே ஆண்குறியைப் போல இருக்கிறது. உடல் எதிரே கிடக்கிறது, கண்ணுக்குத் தெரிந்ததோ ஏற்கெனவே படித்து வைத்திருந்தது.

பெண்ணுடலின் வரலாற்றை எங்கே தொட்டாலும் இதே கதைதான். முடிவை முதலில் எடுத்துவிடுவார்கள், காரணத்தைப் பிறகு உடலுக்குள் தேடுவார்கள். பெண்கள் கல்லூரிக்கு வர ஆரம்பித்த நேரத்தில், 1873இல், அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் கிளார்க் ஒரு புத்தகம் எழுதினார். மாதவிடாய் நாட்களில் மூளைக்கு வேலை கொடுத்தால் கருப்பை வளர்ச்சி கெடும் என்பது அவர் வாதம். பரீட்சையால் கெடும் கருப்பை, மூட்டை சுமந்தாலும் துணி துவைத்தாலும் கெடாதா என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். மேரி புட்னம் ஜேக்கபி என்ற பெண் மருத்துவர் அதைவிட உருப்படியான வேலை செய்தார். பெண்களிடமே கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார், நாடித்துடிப்பை அளந்தார், பெரும்பாலான பெண்களுக்கு அந்த நாட்களில் தனி ஓய்வு கட்டாயமில்லை என்று காட்டினார். அந்தக் கட்டுரைக்கு 1876இல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசு கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த மருத்துவர் இவர். பெண்ணைப் பற்றிப் பெண்ணிடமே கேட்கலாம் என்பது அன்றைக்குப் புது யோசனை!

அதற்கப்புறமும் இது ஓயவில்லை. 1920இல் பேலா ஷிக் என்ற பெரிய குழந்தை மருத்துவர், மாதவிடாயில் இருந்த பணிப்பெண் தொட்ட பூக்கள் வாடின என்று சொல்லி, ‘மாதவிடாய் நஞ்சு’ என ஒன்று உண்டென்று எழுதினார். அப்படி ஒரு நஞ்சு கிடையாது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியபோது, வீராங்கனைகள் சுருண்டு விழுந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. ஒன்பது பேருமே ஓடி முடித்திருந்தார்கள். இருந்தும் அந்தப் பந்தயம் பெண்களுக்குத் திரும்ப வந்தது 1960இல்தான்.

வலி விஷயத்துக்கு வருகிறேன், என் தொழிலில் அன்றாடம் பார்ப்பது அதைத்தான். 1840களில் அலபாமாவில் மரியன் சிம்ஸ் என்ற அறுவை மருத்துவர், அனார்கா, பெட்சி, லூசி முதலிய அடிமைப் பெண்களுக்கு மயக்க மருந்தே இல்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்தார். அனார்காவுக்கு மட்டும் 30 முறை. ‘நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை’ என்று அவரைத்தான் கொண்டாடினார்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவர் சிலை 2018இல்தான் அகற்றப்பட்டது. இன்னொரு பக்கம், காரணம் பிடிபடாத பெண்களின் வலிக்கெல்லாம் ‘ஹிஸ்டீரியா’ என்று பெயர் வைத்து அனுப்பினார்கள். அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அந்த நோய்ப்பெயரைக் கைவிட்டது 1980இல். பெயர் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ‘எல்லாம் மனசுதான்’, ‘டென்ஷன்’ என்று இன்றும் சொல்லித்தானே அனுப்புகிறோம்?

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு எண்டோமெட்ரியோசிஸ் ஒன்றே போதும். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பையிலோ குடல்மேலோ சிறுநீர்ப்பை மேலோ வளரும் நோய் இது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு பரவலான நோயைக் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் ஆகின்றன. வலியைச் சொல்ல ஒரு பெண் வெட்கப்படுகிறாள், சொன்னால் வீட்டில் நம்புவதில்லை, நம்பிக் கூட்டிவந்தால் நாங்கள் வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம். கர்ப்ப காலத்தில் சிலருக்கு வலி குறையலாம், ஆனால் நோய் குணமாகிவிடாது. இந்த நோய்க்குச் சிகிச்சையாக மட்டும் கருத்தரிக்கச் சொல்லக் கூடாது என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் (ESHRE) 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது.

மாதவிடாயின் முதல் நாள் லேசாக வலித்து, மாத்திரை போட்டால் அடங்கி, வேலையைப் பார்க்க முடிகிறதென்றால் பெரும்பாலும் கவலையில்லை. பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாமல் போனால், மாத்திரைக்கு அடங்காவிட்டால், அந்த நாட்களில் மலம், சிறுநீர் கழிக்கும்போது வலித்தால், உடலுறவில் வலித்தால், மாதவிடாய் இல்லாத நாளிலும் அடிவயிறு வலித்தால், பரிசோதனைக்கு வாருங்கள். எல்லா வலியும் எண்டோமெட்ரியோசிஸ் ஆகிவிடாது, வேறு காரணமும் இருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் இந்த நோய் இருக்கலாம். மேலோட்டமாகப் படர்ந்த திசு பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது, இரத்தப் பரிசோதனையிலும் உறுதி செய்ய முடியாது. அறிகுறிகளை வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம், எல்லோருக்கும் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் உள்ளே பார்ப்பது) தேவைப்படுவதில்லை. இரண்டு மூன்று மாதம் வலி வந்த தேதி, எவ்வளவு நேரம் நீடித்தது, என்ன மாத்திரை போட்டீர்கள், எந்த வேலை நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்று மருத்துவர் பேச்சை முடித்தால், ‘அப்படியானால் இந்த வலிக்குக் காரணம் என்ன, அடுத்து என்ன பார்க்கலாம்?’ என்று கேளுங்கள். சரியான பதில் வரவில்லையா, வேறு மருத்துவரைப் பார்ப்பதில் தப்பே இல்லை. போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் அந்தக் குறிப்பையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.