முதுகெலும்பு வளைவு: எந்த வயதில் எந்த அரசுத் திட்டம் கைகொடுக்கும்

முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ் உள்ளவர்களுக்கான அரசு உதவிகள் ஒரே திட்டத்துக்குள் அடங்குவதில்லை. பள்ளிச் சிறார் பரிசோதனை, மருத்துவக் காப்பீடு, உதவி உபகரணத் திட்டம், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் என நான்கு இடங்களில் அவை சிதறிக் கிடக்கின்றன. இவற்றைத் தேடிச் செல்லும் பெற்றோர் பலர் முதலில் தடுமாறுவது 40 என்ற எண்ணில்தான். எக்ஸ்ரே அறிக்கையில் எழுதப்படும் 40 பாகை என்பது வளைவின் கோணம். சலுகைகளுக்கு அடிப்படையாகக் கேட்கப்படும் 40 விழுக்காடு என்பது உடலின் இயக்கக் குறைபாட்டை மருத்துவ வாரியம் அளந்து தரும் மதிப்பு. முன்னது இருந்தால் பின்னதும் இருக்கும் என்று நம்பி மாவட்ட அலுவலகத்துக்குச் சென்று வெறுங்கையோடு திரும்புவதைத் தவிர்க்க, எந்தக் கட்டத்தில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வளைவைக் கண்டறிவது முதல் படி. பத்து வயதுக்கு மேல், உயரம் வேகமாகக் கூடும் பருவத்தில் தோன்றும் காரணம் அறியப்படாத வளைவுதான் மிகுதியாகக் காணப்படுவது; வளர்பருவத்தினரில் ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காட்டினருக்கு 10 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட வளைவு இருக்கிறது. சிறிய வளைவுகள் ஆண், பெண் இருபாலரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தாலும், சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பெரிதாவது பெண் பிள்ளைகளிடமே அதிகம். பெரும்பாலும் வலி இருக்காது என்பதால் பிள்ளை தானாக எதையும் சொல்வதில்லை. ஒரு தோள் ஏறியும் மற்றது இறங்கியும் இருப்பது, ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு துருத்துவது, இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கியிருப்பது, சட்டையின் கீழ் விளிம்பு எப்போதும் ஒரே பக்கம் தூக்கி நிற்பது ஆகியவற்றை வீட்டிலேயே கவனிக்கலாம். பிள்ளையை வெறுங்காலுடன் நிற்க வைத்து, முழங்காலை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் சேர்த்து முன்புறம் குனியச் சொல்லி, பின்னாலிருந்து முதுகின் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால், வளைவு உள்ள இடத்தில் விலா எலும்புகள் ஒரு பக்கம் மேடாக எழுந்து நிற்பது தெரியும். கூனிக் குறுகி உட்காரும் பழக்கத்தால் ஏற்படும் சாய்வு குனியும்போது மறைந்துவிடும். இந்த மேடு மறையாது. பள்ளிப் பையின் சுமையோ உட்காரும் முறையோ இந்த வளைவை உண்டாக்குவதில்லை என்பதால், பிள்ளையைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

இந்தப் பரிசோதனையை அரசு தரப்பில் செய்யக்கூடிய அமைப்பு, 2013-இல் தொடங்கப்பட்டு ஆர்.பி.எஸ்.கே. என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிறார் நலத் திட்டம். பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கான இத்திட்டத்தில், நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் செல்ல வேண்டும். ஆனால் இத்திட்டம் பட்டியலிட்டுள்ள 30 நோய்நிலைகளில் பிறவித் தண்டுவடக் குறைபாடும் இடுப்பு மூட்டுக் குறைபாடும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்க, வளர்பருவத்தில் தோன்றும் முதுகெலும்பு வளைவு தனியாக இடம்பெறவில்லை. எனவே குழு வரும் நாளில் முதுகைப் பார்க்கும்படி பெற்றோரோ வகுப்பாசிரியரோ கேட்டுக்கொள்வது தேவையாகிறது. குழுவின் பரிந்துரையோடு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கோ அரசு மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கோ செல்லலாம். தனியார் பள்ளிப் பிள்ளைகளைத் தேடி இந்தக் குழு வருவதில்லை என்பதால், அவர்கள் நேராகப் புறநோயாளிப் பிரிவுக்குச் செல்ல வேண்டியதுதான்.

அங்கே நின்ற நிலையில் முழு முதுகெலும்புக்கும் எக்ஸ்ரே எடுத்து, காப் கோணம் எனப்படும் அளவையும், எலும்பு வளர்ச்சி இன்னும் எவ்வளவு மீதமிருக்கிறது என்பதையும் மருத்துவர் கணக்கிடுவார். வளர்ச்சி மீதமுள்ள பிள்ளைக்கு வளைவு 25 பாகைக்குக் கீழ் இருந்தால் சில மாதங்களுக்கு ஒரு முறை கண்காணிப்பும், 25 முதல் 40 பாகை வரை இருந்தால் உடலோடு பொருந்தும் பிரேஸ் பட்டையும், 45 அல்லது 50 பாகையைத் தாண்டினால் அறுவை சிகிச்சை பற்றிய ஆலோசனையும் என்பதே பொதுவான நடைமுறை. பட்டை ஏற்கெனவே உள்ள வளைவை நிமிர்த்துவதற்கானது அன்று, மேலும் வளையாமல் தடுப்பதற்கானது. 2013-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்றில், பட்டை அணிந்த பிள்ளைகளில் 72 விழுக்காட்டினருக்கு வளைவு 50 பாகையை எட்டாமலேயே வளர்ச்சி முடிந்தது. கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களிடம் அது 48 விழுக்காடாக இருந்தது. நாளொன்றுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களுக்கே கூடுதல் பலன் கிடைத்தது. இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி, கால்களில் பலவீனம், சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவை வளைவோடு சேர்ந்து இருந்தால் அது வேறு காரணத்தைக் காட்டலாம் என்பதால், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைப்படும், காத்திருக்கக் கூடாது.

இனி, செலவு. திட்டங்களின் பொருத்தமின்மை வெளிப்படும் இடமும் இதுவே. உதவி உபகரணங்களுக்கான மத்திய அரசின் அடிப் திட்டம், மாத வருமானம் 22,500 ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு முழுச் செலவையும், 30,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குப் பாதியையும் ஏற்கிறது. ஆனால் 40 விழுக்காட்டுக் குறைபாட்டுச் சான்று கேட்கிறது. பட்டை பலன் தரும் கட்டத்தில் உள்ள, வேறு நோய் எதுவுமில்லாத ஒரு பிள்ளை அந்த விழுக்காட்டை எட்டுவது அரிது. எட்டும் நிலை வரும்போது பட்டையின் காலம் முடிந்திருக்கும். தடுப்பதற்கு உதவாமல் முற்றிய பிறகு உதவும் இந்த ஏற்பாடு மாற வேண்டியது என்பதே என் கருத்து. அதுவரை பட்டைக்கு அரசு மருத்துவமனைகளின் உடலியல் மருத்துவ, மறுவாழ்வுப் பிரிவுகளை அணுகுவதே வழி, சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் இத்தகைய தாங்கு கருவிகள் செய்யும் பிரிவு இருக்கிறது.

அறுவை சிகிச்சைக்கு விழுக்காட்டுச் சான்று எதுவும் வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கான தமிழ்நாடு அரசின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு அளிக்கிறது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனை வழியாக முன் அனுமதி பெற்றாக வேண்டும் என்பதால், பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டுப் பெறலாம் என்று எண்ண வேண்டாம். அந்த மருத்துவமனை குறிப்பாக முதுகெலும்பு சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்பதையும் அங்குள்ள காப்பீட்டுத் தொடர்பு அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

மாற்றுத்திறனாளி சான்றுக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 குறிப்பிடும் 21 வகைகளில் ஸ்கோலியோசிஸ் தனி வகை அன்று. இயக்கக் குறைபாட்டின் கீழ் மதிப்பிடப்படுகிறது. பெருமூளை வாதம், தசைச் சிதைவு நோய் ஆகியவற்றோடு சேர்ந்து வரும் வளைவு அந்தந்த வகையிலேயே கணக்கில் கொள்ளப்படும். மருத்துவர் கழுத்தின் அடியில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து ஒரு தூக்கு நூலைத் தொங்கவிட்டு, அது பிட்டப் பிளவிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் விலகி நிற்கிறது என்று அளப்பார். கோணம், தலைச் சாய்வு, கடுமையான வளைவாயின் மூச்சுத் திறன் ஆகியவையும் சேர்த்துப் பார்க்கப்படும். 2001-இல் வெளியான மதிப்பீட்டு நெறிகளின்படி 21 முதல் 50 பாகை வரை 10 விழுக்காடு, 51 முதல் 100 வரை 20, அதற்கு மேல் 30. ஆக, 60 பாகை வளைவும் 4 சென்டிமீட்டர் விலகலும் உள்ள ஒருவருக்கு முறையே 20, 16 என்று வந்தால், நேராகக் கூட்டினாலும் 36-தான். நெறிகள் 2018-இலும் 2024-இலும் புதுப்பிக்கப்பட்டுள்ளன. வாரியம் நடப்பில் உள்ளதையே பின்பற்றும். கோணம் மட்டுமே முடிவு செய்வதில்லை என்பதால், மூச்சுத் திறன் பரிசோதனை அறிக்கையும் பழைய எக்ஸ்ரேக்களும் கையில் இருப்பது உதவும்.

விண்ணப்பம் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளம் அல்லது இ-சேவை மையம் வழியாகச் செய்யப்பட்டு, சான்றோடு யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வழங்கப்படுகிறது. நிலை மாறக்கூடிய வளரும் பிள்ளைக்குக் காலக்கெடு குறித்த சான்றே கிடைக்கும். காலம் முடிவதற்குள் மறுமதிப்பீட்டுக்குச் செல்ல வேண்டும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டு இடங்கள், அரசுப் பணியில் 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்குள் இயக்கக் குறைபாடு உள்ளோருக்கான 1 விழுக்காடு ஆகியவற்றில் உரிமை உண்டு. அதற்குக் குறைவாக இருந்தால் சட்டம் கைவிட்டுவிடுவதாகப் பொருளில்லை. நீண்டகாலக் குறைபாடு உள்ள எவருக்கும் நியாயமான ஏற்பாடுகள் செய்து தரும் கடமையைப் பள்ளிகளுக்கு 16-ஆம் பிரிவு விதிக்கிறது. அது 40 விழுக்காட்டை நிபந்தனையாக்கவில்லை. நடுவில் எழுந்து நிற்க அனுமதி, சாய்மானமுள்ள இருக்கை, தரைத்தளத்தில் வகுப்பறை ஆகியவற்றை மருத்துவர் கடிதத்தோடு எழுத்து மூலம் கேட்கலாம்.

பெரியவர்களின் நிலை சற்று வேறு. இளமையில் 30 பாகைக்குக் கீழ் நின்ற வளைவு பொதுவாகக் கூடுவதில்லை. 50 பாகையைத் தாண்டியது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் கூடலாம். ஐம்பது வயதுக்கு மேல் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளும் சிறு மூட்டுகளும் தேய்வதால் புதிதாகவும் வளைவு ஏற்படும். இங்கே தோற்றத்தைவிட இடுப்பு வலியும், சிறிது தூரம் நடந்ததும் கால் மரத்துப்போவதும்தான் தொல்லை. பட்டை இவர்களின் வளைவை மாற்றாது. பயிற்சி, வலி மருந்து, எலும்பு அடர்த்தியைக் காப்பது ஆகியவையே முதன்மை, நரம்பு நெருக்கப்படும்போது அறுவை சிகிச்சை. காப்பீட்டுத் திட்டமும் குறைபாட்டுச் சான்றும் இவர்களுக்கும் உண்டு, வயது வரம்பு இல்லை. அரசுப் பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்ட ஊழியரைப் பணிநீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று சட்டத்தின் 20-ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தப் பணியைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். வாரியம் தந்த விழுக்காடு குறைவென்று கருதுபவர் 59-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். மனுவில் எந்த அளவீடு விடுபட்டது, எந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை என்பதைக் குறிப்பிட்டு, அதற்குரிய அறிக்கையை இணைக்க வேண்டும்.