ஆர்பிசின்னா என்ன, தமிழ்ல அத எப்படி சொல்றது

பாண்டில எங்க ஆபீஸ்ல புதுசா சேந்த பையன் ஒருத்தன் ஜேசன் ஆர்பிசி லைப்ரரி (மத்தவங்க எழுதி வச்ச ரெடிமேட் கோடு) ஒன்ன ப்ராஜெக்ட்ல சேத்துகிட்டே "அண்ணா, ஆர்பிசிக்கு தமிழ்ல என்ன"ன்னு கேட்டான். நான் வாய வச்சிகிட்டு சும்மா இருக்காம "தொலைநிலைச் செயல்முறை அழைப்பு"ன்னு சொல்லிட்டேன். "அண்ணா இது பேரா, வீட்டு அட்ரஸா"ன்னான். அன்னிக்கு ராத்திரி கடலூருக்கு பஸ்ல வரும்போது பூரா இதேதான் மண்டைக்குள்ள.

மொதல்ல விஷயம். ரிமோட் புரொசீஜர் கால்ங்கறதோட சுருக்கம்தான் ஆர்பிசி. நம்ம கோடுக்குள்ளயே இருக்குற ஒரு ஃபங்ஷன (ஒரு வேலய செய்ற கோடு துண்டு) கூப்பிடுற மாதிரியே, வேற எங்கயோ ஓடிகிட்டிருக்குற புரோகிராம்ல இருக்குற ஃபங்ஷன கூப்பிடுறது. லைப்ரரி என்ன பண்ணும்னா, ஃபங்ஷன் பேரு, அதுக்கு குடுக்க வேண்டிய சமாச்சாரம், ஒரு ஐடி நம்பர், இதெல்லாத்தையும் ஜேசனா (தகவல எழுத்தா எழுதுற ஒரு வடிவம்) மூட்ட கட்டி வெப்சாக்கெட்டோ டிசிபியோ, எந்த நெட்வொர்க் வழி இருக்கோ அதுல ஏத்தி அனுப்பிடும், பதில் வந்ததும் பிரிச்சு ஐடிய பாத்து இது எந்த கேள்விக்கு வந்த பதில்னு சேத்து விடும், ஏன்னா கேட்ட வரிசையிலதான் பதில் வரும்னு ஒண்ணும் சட்டம் கெடயாது. அப்படி ஒரு ஃபங்ஷனே அங்க இல்லன்னா மைனஸ் 32601னு ஒரு எரர் வரும். (லைப்ரரிய நூலகம்னு மொழிபெயர்க்கிறவங்கள பாத்தா எனக்கு சிரிப்பு வரும், நிரலகம்னு நல்ல சொல்லு இருக்கு.)

எழுபதுகள்லயே ஜேம்ஸ் ஒயிட்டுங்கறவரு ஆர்எஃப்சி 707ங்கற நெட்வொர்க் குறிப்புல இந்த யோசனைய எழுதிட்டாரு, ஆனா இந்த பேர நிக்க வச்சது புரூஸ் ஜே நெல்சன், 1981ல கார்னகி மெலன் யுனிவர்சிட்டில அவர் பண்ண பிஎச்டியே இதப்பத்திதான். 1984ல அவரும் ஆண்ட்ரூ பிர்ரெலும் சேந்து ஜெராக்ஸ் கம்பெனியோட பார்க்ங்கற ஆராய்ச்சி கூடத்துல எப்படி செஞ்சாங்கன்னு ஒரு பேப்பர் போட்டாங்க. ஜேசன் ஆர்பிசி ரொம்ப பின்னாடி, மொத வடிவம் 2005, இப்ப எல்லாரும் பாவிக்கிற 2.0 வந்தது 2010.

இப்ப சொல்லுக்கு வருவோம். புரொசீஜர், பிரெஞ்சு வழியா வந்தது, பாண்டிக்காரனுக்கு சொல்லவே வேணாம். லத்தீன்ல அடி தேடினா முன்னால நடக்குறதுன்னு அர்த்தம். நம்ம நடைமுறைல இருக்குற அதே நட. பொருத்தம்னா அப்படி ஒரு பொருத்தம், ஆனா நடைமுறைன்னா இன்னிக்கு வழக்கத்துல இருக்குறதுன்னு அர்த்தம் மாறிப்போச்சு, அதனால செயல்முறைன்னு போடுறாங்க. ரிமோட்டுக்கு தொலை. தொலைபேசி, தொலைக்காட்சி எல்லாம் சரி, ஆனா எங்க வீட்ல தொலைன்னா "எங்கயாச்சும் போய் தொல"தான். அனுப்புன மெசேஜ் பாதி நேரம் அப்படித்தான் போகுதுங்கறது வேற கத.

எனக்கு பிடிச்சது சேய்மை. தொல்காப்பியத்துல விளிமரபுன்னு தனி இயலே இருக்கு, கூப்பிடுறதுக்கு மட்டும். பக்கத்துல இருக்குறவன கூப்பிட்டா அண்மை விளி, தூரத்துல இருக்குறவன கூப்பிட்டா சேய்மை விளி, தூரம்னா எழுத்து அதோட அளவ தாண்டி நீளும். எங்க ஆயா வீடு ஓ.டி. தொறமொகம் பக்கம், சின்ன வயசுல உப்பனாத்து கரையில நின்னு "தோணிக்காரரேஏஏ"ன்னு கத்திருக்கேன். காத்து எதிர்ல அடிச்சா அவருக்கு கேட்டுச்சா இல்லயான்னே தெரியாது. கேட்டு அவரு "வரேன்"னு சொல்லி அது எனக்கு கேக்கலயோ என்னவோ. மறுபடி கத்தலாமா வேணாமா? வீட்டுக்குள்ள ஆயாவ கூப்பிடும்போது இந்த குழப்பம் வந்ததே இல்ல.

ஆர்பிசில இருக்குற வம்பு பூரா இதுதான். சேய்மை விளிய அண்மை விளி மாதிரி வேஷம் கட்டி விட்டுருக்காங்க. 1994லயே சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல ஜிம் வால்டோவும் கூட வேல பாத்தவங்களும் உள்ள கூப்பிடுறதுக்கும் தூரத்துல கூப்பிடுறதுக்கும் இருக்குற வித்தியாசத்த மறைக்காதீங்கன்னு எழுதினாங்க. நான் படிக்கல, பட்டேன். ஒரு ஹோட்டலுக்கு பில்லிங் எழுதி குடுத்தோம், ஆர்டர் அடிச்சா கிச்சன் கம்ப்யூட்டருக்கு ஆர்பிசி கால் போய் சீட்டு பிரிண்ட் ஆகணும். 5 செகண்ட்ல பதில் வரலன்னா திரும்ப அனுப்புன்னு நான்தான் எழுதினேன். சீட்டு மொத தடவையே பிரிண்ட் ஆயிடுச்சு, பதில்தான் லேட்டு. ரெண்டு மட்டன் பிரியாணிக்கு நாலு வந்து நின்னுச்சு டேபிள்ல. எவ்ளோ நேரம் காத்திருக்கணும், திரும்ப கேக்கலாமான்னு ஜேசன் ஆர்பிசி விதில ஒரு வார்த்த கெடயாது, அது நம்ம பாடு.

ஆனா விளின்னு மட்டும் சொன்னா பத்தாது. "தோணிக்காரரே"ங்கறது விளி, "வாங்க"ங்கறது ஏவல். ஆர்பிசில நாம வேல ஏவுறோம். அதனால நான் வச்சது சேய்மை ஏவல். நாலு எழுத்து கூட கொறய இருந்தாலும் தூரத்த ஒளிச்சு வைக்கல.

பையன்கிட்ட சொன்னேன். "அண்ணா, எங்க ஊர்ல ஏவல்னா பில்லி சூனியம்"னான். யோசிச்சு பாத்தா அதுவும் பொருந்துது, ஐடி இல்லாம அனுப்புற நோட்டிஃபிகேஷன்னு ஒண்ணு இருக்கு ஜேசன் ஆர்பிசில, அதுக்கு பதிலும் வராது, தப்பாப் போனா எரரும் வராது, ஏவிட்டு ஒக்காந்திருக்க வேண்டியதுதான். டாக்குமெண்ட்ல சேய்மை ஏவல்னு போட்டுட்டேன். அவன் நோட்டிஃபிகேஷன் ஃபைலுக்கு பில்லின்னு பேர் வச்சுட்டான்.