கடலை வரையும் முன் ஆய்வாளரோடு உட்காருங்கள்

மதுரையில் பள்ளிச் சுவர்களுக்கும் கண்காட்சிகளுக்கும் படம் வரைந்து கொடுப்பது என் தொழில். சில வருடங்களாக ராமேஸ்வரம் அருகிலுள்ள மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் கடலை ஆராய்கிறவர்களோடும் சேர்ந்து வேலை செய்கிறேன். கடலைக் காப்போம் என்று எழுதி நம் ஊர்ச் சுவர்களில் வரைகிற படங்கள் பலவற்றில் இருப்பது நம் கடலே இல்லை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கடற்பசுவையே எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் அதை ஆவுளியா என்பார்கள். 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் அதுதான் முதல். இப்போது எந்தப் பள்ளிக்குப் போனாலும் கடற்பசு வரையச் சொல்கிறார்கள். வரைகிறவர் செல்போனில் தேடுகிறார். நம் கடலில் இல்லாத, அதன் உறவினமான மானட்டீ வந்து நிற்கிறது. அதன் வால் துடுப்புபோல வட்டமாக இருக்கும். ஆவுளியாவின் வாலோ திமிங்கலத்தின் வால்போல இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு முகாமில் மாணவி வரைந்த வட்ட வாலைப் பார்த்த மீனவர் ஒருவர், “ஏம்மா, இது நம்ம கடல்ல கெடையாதே” என்று சொல்லிவிட்டு, மணலில் விரலால் சரியான வாலைப் போட்டுக் காட்டினார்.

வால் மட்டுமில்லை, வாயும் முக்கியம். ஆவுளியாவின் மூஞ்சி கீழ்நோக்கி மடங்கியிருக்கும். கடலடியில் வளரும் கடற்புல்லை வேரோடு பிடுங்கி மேய்வதற்கான அமைப்பு அது. ஆய்வாளர் இதை விளக்கினால், ஓவியர் அந்த வாய்க்குக் கீழே புல்லையும் வரைந்தே தீர வேண்டும். புல்லை வரைந்ததும், அடியைச் சுரண்டிப் போகிற இழுவலை பற்றிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நீலத் தண்ணீரில் சிரித்தபடி மிதக்கும் கடற்பசுவைப் பார்த்து யாரும் அதைக் கேட்டதில்லை.

பவளப்பாறையிலும் இதே கதைதான். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால், பவள உயிரி தனக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இப்படிப் பெரிய அளவில் வெளுத்தது. வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். செத்ததன் மேல் பாசி படர்ந்து அழுக்குப் பழுப்பாகிவிடும். சுவரில் வெள்ளை அடித்துவிட்டு “இறந்த பவளம்” என்று எழுதினால், இன்னும் காப்பாற்றக்கூடியதை நாமே கைகழுவிவிட்டதாகச் சொல்கிறோம்.

இந்தக் கூட்டு வேலை புதிதல்ல. 1934-ல் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் பீபி அட்லாண்டிக்கில் பெர்முடா தீவை ஒட்டிய கடலில் இரும்புக் கோளத்துக்குள் அமர்ந்து 923 மீட்டர் ஆழம் இறங்கினார். கண்டதைத் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, மேலே கப்பலில் குறித்துக்கொண்டார்கள். அவர் சொன்னதைக் கேட்டு அந்த ஆழத்து மீன்களுக்கு உருவம் கொடுத்தவர் எல்சே பாஸ்டல்மேன் என்ற ஓவியர். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு தானும் கடலுக்குள் இறங்கி வரைந்தவர் அவர்.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வெல்லாம் முடிந்தபின் போஸ்டர் போட மட்டும் ஓவியரைக் கூப்பிடாதீர்கள். தொடக்கத்திலேயே படகில் ஏற்றுங்கள். திட்டச் செலவில் அவர் சம்பளத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

ஓவிய நண்பர்களுக்கு: சிவப்பு மீன் பத்து மீட்டர் ஆழத்தில் சிவப்பாகத் தெரியாது, அந்த நிறத்தைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடும். எந்த ஆழத்தை வரைகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு வண்ணம் கலக்குங்கள். பென்சில் கோட்டிலேயே ஓர் ஆய்வாளரிடமும் ஒரு மீனவரிடமும் காட்டித் திருத்துங்கள். அதற்கு ஒரு நாள் கூடுதலாகும். அந்த நாளுக்கும் கூலி கேட்டு வாங்குங்கள்.