இன்டர்காம் போன் இறக்குமதி செய்யப்போகிறவர்கள் முன்பணம் அனுப்புமுன் படிக்க

வயர் போன் செத்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் வேலூருக்கு வந்து பார்க்கலாம். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜுக்கு லாட்ஜ் கட்டிலோரம் ஓர் இன்டர்காம் இருக்கிறது. வங்காளத்திலிருந்து நோயாளியை அழைத்து வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர் நடுராத்திரியில் ரிசப்ஷனைக் கூப்பிட அதுதான் வழி. ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் கேட்டுக்கும் கணக்கு அறைக்கும் நடுவிலும் அதே பெட்டிதான். ஆகவே சரக்கு ஓடுகிறது. ஓடுகிற சரக்கைச் சீனாவிலிருந்து நேராக வரவழைத்தால் பாதி விலைதானே என்று ஒரு சிறு கடைக்காரர் கணக்குப் போடுவதில் தப்பே இல்லை. அந்தக் கணக்கில் அவர் போடாத வரிகள்தான் அவரை முழுகடிக்கின்றன. அப்படி முழுகியவர்களை எனக்குத் தெரியும். ஒருவர்கூடத் திருட்டுச் சரக்கு கொண்டுவந்தவர் இல்லை.

சட்டப் பின்னணியில் ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். 2011 முதல் சுங்க வரியை இறக்குமதியாளரே மதிப்பிட்டு அறிவிக்க வேண்டும். பொருள் சுங்க வரிப் பட்டியலில் எந்த எண்ணில் வரும், எத்தனை சதவீதம், என்ன விலை என்று பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிவிப்பில், எழுதுவது கிளியரிங் ஏஜென்டின் விரல்களாக இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அதை எழுதியவர் நீங்கள். எண் தப்பு என்று பிறகு நோட்டீஸ் வந்தால் அது ஏஜென்டின் மேசைக்குப் போகாது, உங்கள் கடை வாசலுக்குத்தான் வரும்.

எல்லாம் போன்தானே என்பவர்களுக்கு

சுங்க வரிப் பட்டியலில் தொலைபேசிச் சாதனங்களுக்கு 8517 என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதற்குள் கார்ட்லெஸ் ரிசீவர் உள்ள வயர் போன் 8517 11. சாதாரண மேசைப் போன் 8517 18. அதிலும் பட்டன் போனுக்கு 8517 18 10. அழைப்புகளை மாற்றிவிடும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி 8517 62. உதிரி பாகங்கள் 2022 முதல் 8517 71, 8517 79 என்று பிரிந்துவிட்டன. இந்த ஒரே தலைப்புக்குள் அடிப்படை வரி சுழியமாக உள்ள பொருளும் இருக்கிறது, 10 சதவீதமும் இருக்கிறது, 20 சதவீதமும் இருக்கிறது.

ஒரு லட்சம் ரூபாய் சரக்கை வைத்துப் பாருங்கள். அடிப்படை வரி சுழியம் என்றால் 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி., அதாவது இறக்குமதி மேல் விழும் ஜி.எஸ்.டி., மட்டும், 18,000 ரூபாய். அடிப்படை வரி 10 சதவீதமானால் அந்த 10,000, அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல மேல்வரி 1,000, இவை எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் ஐ.ஜி.எஸ்.டி. 19,980, ஆக 30,980. அதுவே 20 சதவீதமானால் 43,960. வரிக்கு வரி என்று வளர்வதைக் கவனிக்காமல் "பத்து பர்சென்ட்தான் வித்தியாசம்" என்று சொல்கிற ஏஜென்டிடம் வேலை கொடுக்காதீர்கள்.

எது 20-இல் விழும்? இணைய வழியில் பேசும் ஐ.பி. போன், அதாவது வாய்ஸ் ஓவர் ஐ.பி. போன், போன் லைனையும் இணையத்தையும் இணைக்கும் மீடியா கேட்வே, அழைப்புகளை மென்பொருளால் மாற்றிவிடும் சாஃப்ட் ஸ்விட்ச். 2018 அக்டோபரில் சலுகைப் பட்டியலிலிருந்து பெயர் சொல்லி விலக்கப்பட்டவை இவை. மேசையில் வைத்தால் ஐ.பி. போனும் பழைய இன்டர்காம் போனும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பின்பக்கம் லேன் கேபிள் சொருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை மேசைப் போன் கணக்கில் எழுத முடியாது. அனுப்புகிறவர் இன்வாய்ஸில் 'டெலிபோன்' என்று மொட்டையாகப் போட்டிருந்தாலும் கன்டெய்னரைத் திறந்து பார்க்கிறவர் துளையைப் பார்ப்பார். எக்ஸ்சேஞ்ச் பெட்டியிலும் இதே சிக்கல்தான். ஐ.பி. லைனுக்கான கார்டு உள்ளே சேர்ந்து வந்தால் அது வெறும் எக்ஸ்சேஞ்சா, கேட்வேயா என்று கேள்வி வரும். கார்டு தேவையில்லை என்றால் அது இல்லாத மாடலையே ஆர்டர் செய்யுங்கள். விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். ஆர்டர் கொடுக்கும் அன்றைக்கு உள்ள அறிவிக்கையை ஏஜென்டிடம் பிரின்ட் போட்டு வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

அடுத்து, உதிரி பாகம் என்னும் பொறி. "அண்ணா, ரிசீவர், கேபிள், அடாப்டர் எல்லாம் போன் பார்ட்ஸ்தானே, ஒரே நம்பரில் போட்டுவிடலாம்" என்று ஏஜென்ட் ஒருவர் சொல்வதை நேரிலேயே கேட்டிருக்கிறேன். முடியாது. தனக்கென்று ஒரு தலைப்பு உள்ள பொருள் போனுக்காகவே செய்யப்பட்டிருந்தாலும் தன் தலைப்புக்குத்தான் போகும். கையில் பிடித்துப் பேசும் ரிசீவர் தனியாக வந்தால் ஹெட்போனோடு சேர்ந்து 8518. பவர் அடாப்டர் 8504. வயர் 8544. சுவரில் பதிக்கும் சாக்கெட் 8536. ஒரு பெட்டிக்குள் இவை நான்கும் இருந்து 'டெலிபோன் ஆக்சஸரீஸ், ஒரு லாட்' என்று ஒற்றை வரியில் இன்வாய்ஸ் வந்தால் அதைவிடச் சந்தேகத்தைக் கிளப்பும் தாள் வேறு இல்லை. பொருள் வாரியாக, மாடல் எண்ணோடு, எண்ணிக்கையோடு இன்வாய்ஸ் கேளுங்கள். மறுக்கிற சப்ளையரிடம் வாங்காதீர்கள்.

பெரிய கம்பெனிகளுக்கே இதே 8517-இல் அடி விழுகிறது. செல்போன் கோபுரத்துக்கான ஒரு கருவியைத் தவறாக வகைப்படுத்தியதாகச் சொல்லி, வரியும் அபராதமுமாகச் சுமார் 60 கோடி டாலர் கேட்டு 2025 ஜனவரியில் சாம்சங்குக்கு உத்தரவு போனது. அவர்களிடம் வக்கீல் பட்டாளம் இருக்கிறது, எதிர்த்து வழக்காடுகிறார்கள். உங்களிடம் கடை வாடகை பாக்கி இருக்கிறது.

வரி கட்டினாலும் வெளியே வராத சரக்கு

சர்டிஃபிகேட் இல்லாமல் நின்ற சரக்குகளில்தான் ஆட்கள் அதிகம் நொந்துபோகிறார்கள். 2019 அக்டோபர் 1 முதல் சாதாரண இரண்டு வயர் போன், இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச், கார்ட்லெஸ் போன், ஃபேக்ஸ், மோடம் ஆகியவற்றுக்கு மத்திய தொலைத்தொடர்புப் பொறியியல் மையமான டெக் வழங்கும் சான்றிதழ் கட்டாயம். ஐரோப்பியச் சான்றிதழ் பெட்டியில் அச்சிட்டிருக்கிறது என்று காட்டினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டெக் சான்றிதழ் மாடல் வாரியானது. வெளிநாட்டுத் தயாரிப்பாளர் இந்தியாவில் ஒரு பிரதிநிதியை நியமித்து, இங்கே பரிசோதனை செய்து வாங்க வேண்டும். ஐம்பது போன் வாங்கும் உங்களுக்காக எந்தத் தொழிற்சாலையும் அதைச் செய்யாது. ஆகவே ஏற்கெனவே சான்றிதழ் உள்ள மாடலா என்று முதலில் பாருங்கள், விலையைப் பிறகு பேசுங்கள். சப்ளையர் அனுப்பும் சான்றிதழில் உள்ள மாடல் எண்ணும் இன்வாய்ஸில் உள்ள மாடல் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கடைசியில் ஒரு 'பி' கூடுதலாக இருந்தாலே "இது வேறு மாடல்" என்று சரக்கு நிற்கும்.

அடாப்டருக்குத் தனியாக இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் பதிவு வேண்டும். கார்ட்லெஸ் என்றால் வானலை சம்பந்தப்பட்டது, அதற்கு வானலைகளைக் கவனிக்கும் மத்திய அரசுப் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் அனுமதி வேறு. அட்டைப்பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, மாதமும் ஆண்டும், அதிகபட்சச் சில்லறை விலை எல்லாம் இருக்க வேண்டும். துபாயில் கிலோக் கணக்கில் விற்கும் பழைய போன்களை வாங்கவே வாங்காதீர்கள். பயன்படுத்திய மின்னணுச் சரக்குக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும், அது உங்களுக்குக் கிடைக்காது.

மின்கழிவு விதியின் கீழ் இ.பி.ஆர். பதிவு, அதாவது விற்ற பொருள் கழிவாகும்போது பொறுப்பேற்கும் பதிவு, எங்கே என்றும் கேட்பார்கள். 2022 விதிகள் குறுந்தொழில்களுக்குப் பொருந்தாது என்று அந்த விதிகளிலேயே எழுதியிருக்கிறது. எழுதியிருப்பது கேட்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை போலும்! சிறு தொழில்களுக்கான உங்கள் உதயம் பதிவுச் சான்றில் 'மைக்ரோ' என்று இருந்தால் அதையும் விதியின் அந்தப் பக்கத்தையும் பில் ஆஃப் என்ட்ரியோடு முதலிலேயே ஏற்றிவிடுங்கள். கேட்ட பிறகு தேடினால் ஒரு வாரம் போகும்.

லாட்ஜ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.ஜி.எஸ்.டி.யைத்தான் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 5 சதவீத வரிதான். ஆனால் உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. வேலூரில் அதற்கு மேல் வாடகை வாங்கும் அறைகள் எத்தனை? நீங்கள் கட்டும் 18 சதவீதமும் உங்கள் கைக்காசு. அடிப்படை வரியும் மேல்வரியும் யாருக்குமே வரவாகத் திரும்பாது.

ராஜாஜி சாலைக்கு ரயில் ஏறுமுன்

கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகியிருக்க வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளுக்கு 10,000. சின்ன சரக்குக்கு இதுவே லாபத்தைத் தின்றுவிடும்.

தாக்கலான பிறகு சரக்கு நின்றால் நம் ஆட்கள் செய்யும் முதல் வேலை, விடியற்காலையில் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை ராஜாஜி சாலையிலுள்ள கஸ்டம்ஸ் ஹவுஸுக்குப் போய் நிற்பது. வீண். வரிப் பட்டியலில் இயந்திரங்களும் மின் சாதனங்களும் அடங்கிய 84, 85-ஆம் அத்தியாயங்களுக்கு 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும்தான் அதிகாரியை நேரில் பார்க்காமல் கணினி வழியே நடக்கும் முகமறியா மதிப்பீடு முதலில் தொடங்கியது. உங்கள் போனுக்கு எண் சரியா என்று பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் இருக்கலாம். சென்னையில் இருப்பவர் "ஃபைல் என்னிடம் இல்லை" என்பார். அவர் சொல்வது உண்மைதான், அதுதான் கொடுமை. கேள்வி கணினியில் வரும், பதிலும் கணினியில்தான் போக வேண்டும். பில் ஆஃப் என்ட்ரி எண்ணைக் கேட்டு வாங்கி, சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் நிலவரத்தை நீங்களே பாருங்கள். "சார் லீவு" என்று ஏஜென்ட் சொல்லும் நாட்களில் பல, கேள்வி வந்து பதில் போடாமல் கிடக்கும் நாட்கள்.

பதில் எப்படி இருக்க வேண்டும்? 'இது இன்டர்காம் போன், தயவுசெய்து விடுவிக்கவும்' என்று போடுகிற பதிலால் பயனில்லை. பின்பக்கத் துளை தெரியும் படம், சர்க்யூட் விவரம் உள்ள கேட்லாக், லேன் இணைப்பு கிடையாது என்ற தயாரிப்பாளர் கடிதம், டெக் சான்றிதழ். இவ்வளவும் ஒரே தடவையில் போக வேண்டும். தவணை முறையில் அனுப்பினால் கேள்வியும் தவணை முறையில் வரும்.

இங்கே முக்கியமான பொறி. அதிகாரி எண்ணை மாற்றி 20 சதவீதம் போட்டுவிட்டார். "ஒத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் இன்றைக்கே வெளியே எடுத்துவிடலாம், பிறகு ரீஃபண்ட் வாங்கிக்கொள்ளலாம்" என்று யோசனை வரும். எழுதாதீர்கள். நீங்கள் எழுத்தில் ஒத்துக்கொள்ளாத வரை, சுங்கச் சட்டம் 17(5) பிரிவின்படி காரணங்களைச் சொல்லி 15 நாளுக்குள் அவர் ஓர் உத்தரவு தந்தாக வேண்டும். ஒத்துக்கொண்டால் அந்த உத்தரவு கிடையாது, மேல்முறையீட்டில் உங்கள் வாதத்துக்குக் கால் கிடையாது. சரக்கு அவசரமாக வேண்டுமா? எதிர்ப்புத் தெரிவித்து வரியைக் கட்டி எடுங்கள். 'எதிர்ப்புடன் செலுத்தப்படுகிறது' என்பது எழுத்தில் இருக்க வேண்டும், நகல் உங்களிடம் இருக்க வேண்டும். ரீஃபண்டுக்கு உள்ள ஓராண்டுக் கெடு அப்படிக் கட்டிய வரிக்குப் பொருந்தாது.

ரீஃபண்ட் மனு மட்டும் போட்டால் போதும் என்பதும் பழைய கதை. 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஐ.டி.சி. வழக்கில் சொல்லிவிட்டது: மதிப்பீட்டை முதலில் மாற்ற வேண்டும், அது மாறாத வரை ரீஃபண்ட் இல்லை. நீங்களே போட்ட தப்பு மதிப்பீடானாலும் அப்படித்தான். ஆகவே சுங்க மேல்முறையீட்டு அதிகாரியான கமிஷனர் அப்பீல்ஸிடம் 60 நாளுக்குள் மேல்முறையீடு. தகுந்த காரணம் காட்டினால் இன்னொரு 30 நாள் தரலாம். அதற்கு மேல் ஒரு நாள் கூடத் தர அவருக்கு அதிகாரமில்லை. வழக்கில் உள்ள வரியில் ஏழரை சதவீதம் முன்கூட்டிக் கட்டியிருக்க வேண்டும். ஜெயித்தாலும், அந்த வரியை விலையில் சேர்த்து வாடிக்கையாளரிடம் வாங்கிவிடவில்லை என்று நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் நுகர்வோர் நல நிதிக்குப் போய்விடும். விற்பனை பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

அடிக்கடி அதே மாடலை வரவழைப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. யாரும் சொல்ல மாட்டார்கள், அதில் ஏஜென்டுக்கு வருமானமில்லை. ஆர்டர் கொடுக்குமுன்பே சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் 10,000 ரூபாய் கட்டி, இந்தப் பொருளுக்கு எந்த எண் என்று கேட்டு வாங்கிவிடலாம். மூன்று மாதத்தில் தீர்ப்பு வர வேண்டும். சட்டம் மாறாத வரை சில ஆண்டுகளுக்கு அது செல்லும்.

சண்டை நடக்கும்போது சரக்குக் கிடங்கில் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். வாடகைக்குப் பயந்துதான் பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். சுங்கச் சட்டம் 49-ஆம் பிரிவில் மனுக் கொடுத்து, விடுவிப்பு வரும் வரை 30 நாளுக்குப் பொதுக் கிடங்குக்குச் சரக்கை மாற்றக் கேட்கலாம். அங்கே வாடகை குறைவு. சுங்கத் துறையே சரக்கைத் தடுத்து வைத்திருந்தால், அந்த நாட்களுக்கு வாடகை வாங்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு சரக்குக் கையாளல் ஒழுங்குமுறை சொல்கிறது. அதற்குச் சரக்கைத் தடுத்து வைத்ததற்கான டிடென்ஷன் சர்டிஃபிகேட் வேண்டும். கஸ்டம்ஸில் எழுதிக் கேளுங்கள். கிடங்குக்காரர் "இதெல்லாம் எங்களுக்குச் செல்லாது" என்று முகத்துக்கு நேரே சொல்வார். அதையும் எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டு, இரண்டு தாளையும் கமிஷனருக்கு அனுப்புங்கள்.