டைரக்டர் பதவியை விட்டாச்சு, ஜாமீன் விடவில்லை

செண்டிரியான் பெர்ஹாட், அதாவது மலேசியாவின் தனியார் வரையறுக்கப்பட்ட கம்பெனி ஒன்றை ஆரம்பித்துவிட்டால் கடன் கம்பெனியோடு போகும், வீட்டுப் பக்கம் யாரும் வரமுடியாது என்று கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜிட் இந்தியாவிலும் தொழில் செய்யும் நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். சட்டப்படி சரிதான், வங்கியில் போய் உட்காரும் வரைக்கும். அங்கே கடன் பத்திரத்தோடு இன்னொரு பத்திரத்தையும் நீட்டுவார்கள். அதுதான் டைரக்டர்களின் சொந்த ஜாமீன், அதாவது கம்பெனி கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்ற உறுதி.

என்னிடம் வருபவர்கள் அடிக்கடி சொல்வது, "சார், நான் மச்சானிடம் பங்கைக் கொடுத்துட்டு எப்பவோ விலகிட்டேன், எஸ்எஸ்எம்மில் பேரையும் எடுத்தாச்சு, பேங்க் ஏன் எனக்குக் கடிதம் போடுது?" எஸ்எஸ்எம்மில், அதாவது கம்பெனிகளைப் பதிவு செய்யும் ஆணையத்தில், எடுத்தது டைரக்டர் பெயரை. ஜாமீன் உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலான தனி ஒப்பந்தம். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 81ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. 83ஆம் பிரிவில், அடுத்தடுத்து எடுக்கும் கடன்களுக்கும் நீளும் தொடர் ஜாமீனை நோட்டீஸ் கொடுத்து நிறுத்தலாம், ஆனால் இனிமேல் எடுக்கும் கடனுக்குத்தான் அது, ஏற்கெனவே ஓடும் கடன் உங்கள் தலையிலேயே இருக்கும்.

2017இல் திவால் சட்டத்தைத் திருத்தியபோது ஜாமீன்தாரர்களுக்கு விடுதலை கிடைத்துவிட்டதாக ஒரு பேச்சு கிளம்பியது. அது அரைகுறைச் செய்தி. லாப நோக்கமில்லாமல் ஒருவரின் படிப்புக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ, சொந்த உபயோகக் காருக்கோ ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது, அவ்வளவே. தொழில் கடனுக்கு நின்றவர் என்றால், கடனாளியிடம் வசூலிக்க எல்லா வழியும் பார்த்தாகிவிட்டது என்று காட்டி வங்கி நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும், கடனும் குறைந்தது 1,00,000 ரிங்கிட் இருக்க வேண்டும். ஆனால் இதெல்லாம் திவாலுக்கு மட்டும்தான். வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கி உங்கள் சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவருவதை இது தடுக்காது. கணவரின் கடைக்காகக் கையெழுத்துப் போட்ட, கணக்குப் புத்தகத்தைக் கண்ணாலும் பார்க்காத மனைவிக்கும் இதே கதிதான், இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே பங்கை மாற்றும் முன்பே வங்கிக்கு எழுதி, ஜாமீனிலிருந்து விடுவித்ததாகக் கடிதம் கேளுங்கள். சும்மா தரமாட்டார்கள், உங்களுக்குப் பதிலாக ஒருவரைக் கேட்பார்கள். சரி, பங்கை வாங்குபவரையே ஜாமீன் நிற்க வையுங்கள். அதையும் வங்கி மறுத்தால், உங்கள் நஷ்டத்தை பங்கை வாங்குபவர் ஈடுகட்டுவதாகப் பத்திரம் எழுதி வாங்கலாம். ஆனால் அந்தப் பத்திரம் வங்கியைக் கட்டுப்படுத்தாது, முதலில் நீங்கள் கட்டிவிட்டு அப்புறம் அவரைத் துரத்த வேண்டியதுதான்.