கடவை: மஞ்சள் கோட்டுக்கு நம்மிடம் இருக்கும் நல்ல சொல்

நடப்பவர்கள் வீதியைக் கடக்கக் கோடு போட்டிருக்கும் இடம்தான் கடவை. கொழும்பு வெள்ளவத்தையில் நின்று யாரிடமாவது "கடவை எங்கே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு கணம் யோசிப்பார்கள். "மஞ்சள் கோடு எங்கே?" என்றால் உடனே கை நீளும். சிங்களத்திலும் 'கஹ இர' என்றுதான் பேச்சில் சொல்கிறார்கள், அதுவும் மஞ்சள் கோடுதான். இத்தனைக்கும் கொழும்பில் இந்தக் கோடுகள் பலவற்றுக்கு இப்போது வெள்ளைதான் பூசியிருக்கிறது. நிறம் போய்விட்டது, பெயர் போகவில்லை. பத்திரிகையிலும் பொலிஸ் அறிவித்தலிலும் மட்டும் 'பாதசாரிக் கடவை' என்று வரும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் ஜீப்ரா கிராசிங் என்பார்கள், கடவை என்றால் முழிப்பார்கள். அங்கே பலகைகளில் 'பாதசாரிகள் கடக்கும் இடம்' என்று நீட்டி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? 'கட' என்ற வினையடியோடு 'வை' சேர்ந்தது. பற, பறவை, கல, கலவை, அதே கணக்கில் கட, கடவை. கடக்கிற இடம், கடந்து போகிற வழி. நட என்பதிலிருந்து 'நடவை' என்றொரு சொல்லும் பழைய தமிழில் உண்டு, வழி என்று பொருள், அது ஏனோ வழக்கிழந்து போனது. கடவை பிழைத்துக்கொண்டது, இலங்கைத் தமிழில் நன்றாகவே பிழைத்துக்கொண்டது. ரயில் கடவை என்கிறோம், 'பாதுகாப்பற்ற ரயில் கடவை' என்பது நம் செய்திகளில் மாதக்கணக்கில் இடைவெளி விடாமல் வரும் தொடர். கடவுச்சீட்டு என்கிறோமே, அதிலிருக்கும் கடவும் இதே குடும்பம்தான்.

ஒரு சின்னச் சிக்கல். கட என்பதற்குத் தொழிற்பெயர் 'கடத்தல்'. கடத்து என்பதற்கும் அதுவே. அதனால் 'வீதியைக் கடத்தல்' என்று தலைப்புப் போட்டால் யாரோ கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியையே சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடிய மாதிரி இருக்கிறது. 'வீதியைக் கடப்பது' என்று எழுதிவிடுங்கள்.

அடுத்தது முன்னால் இருக்கும் பாதசாரி. இது வடமொழி: பாதம், அப்புறம் 'சாரி', அதாவது செல்பவர். சஞ்சாரம் என்பதில் இருப்பதும் அதே வேர். சிங்களத்தில் 'பதிக'. ஆங்கிலேயர் சொல்லும் பெடஸ்ட்ரியன், லத்தீன் மொழியில் காலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. குதிரை இல்லாமல் நடந்து போகிறவன் என்பதால் அந்தச் சொல்லுக்கு 'சப்பென்று இருப்பது, சாதாரணமானது' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை, நடந்து வந்தவரைப் பார்த்து "என்ன, நடராஜா சேர்விஸா?" என்று கேட்கும்போது குரலில் ஒரு சின்ன இளக்காரம் இருக்கத்தான் செய்கிறது.

பாதசாரிக்குத் தனித்தமிழ் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கால்நடை என்று போட முடியாது. 'கால்நடையாகப் போனான்' என்பது சரியான தமிழ், ஆனால் 'கால்நடைகள் கடக்கும் இடம்' என்று பலகை வைத்தால் மாடு வரும். நடையாளர், நடையர் என்றெல்லாம் சொல்லிப் பார்க்கிறார்கள், எனக்கு அவை நாவில் ஒட்டவில்லை. என்னைக் கேட்டால் வீதியில் கடவை என்று மட்டும் சொன்னாலே போதும், கடப்பது யார் என்று யாருக்கும் குழப்பம் வராது. ரயில் பாதையாக இருந்தால் ரயில் கடவை என்று சேர்த்துச் சொல்லப் போகிறோம். ஜீப்ராவை அப்படியே மாற்றி 'வரிக்குதிரைக் கடவை' என்று எழுதுவது மட்டும் தேவையில்லாத வேலை.

அந்தப் பெயர் பிரிட்டனில் பிறந்தது. 1934-இல் அங்கே போக்குவரத்து அமைச்சராக இருந்த லெஸ்லி ஹோர்-பெலிஷா, கடக்கும் இடங்களில் கம்பம் நட்டு உச்சியில் மஞ்சள் உருண்டை வைத்தார். அது போதாமல் 1949-இல் தரையில் பட்டை போட்டுச் சோதித்தார்கள், முதலில் நீலமும் மஞ்சளுமாக. 1951-இல் சட்டத்துக்குள் வந்தபோது அது கறுப்பு வெள்ளை ஆகிவிட்டது, வரிக்குதிரைப் பெயரும் நிலைத்தது. நமது மோட்டார் வாகனச் சட்டமும் அதே 1951-ஆம் ஆண்டுச் சட்டம்தான், 14-ஆம் இலக்கம்.

பெயர் எதுவானாலும் பொருள் ஒன்றுதான்: இங்கே ஆள் இறங்கினால் வாகனம் நிற்க வேண்டும். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. வீதியில் அந்தப் பொருள் எவ்வளவு செல்லுபடியாகும் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது, இந்தச் சொல்லை விளக்க வந்தால் அதைச் சொல்லாமல் விட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி 2021-இல் வீதி விபத்துகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர், அதில் 23 சதவீதம் நடந்து போனவர்கள். எல்லா வகை வீதி மரணங்களையும் சேர்த்தால் ஆபிரிக்கப் பிராந்தியத்தில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 19 பேர், ஐரோப்பியப் பிராந்தியத்தில் 7 பேர். ஆபிரிக்காவில் வாகனம் அதிகம் என்பதாலா? இல்லை, அங்கேதான் குறைவு. நடப்பவர்கள் அதிகம், அவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் குறைவு. 2018 அறிக்கையில் அந்தப் பிராந்தியத்தில் இறந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் பாதசாரிகள்.

நாமும் இந்தியாவும் சேர்ந்திருக்கும் தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் அந்தப் பங்கு 14 சதவீதம்தான். ஆகா, நம் பக்கம் நடக்கிறவனுக்குப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கரவண்டியிலும் போய் இறந்தவர்கள் மட்டும் 43 சதவீதம், மற்ற எல்லாப் பங்கையும் அது அமுக்கிவிடுகிறது. இலங்கைக்குள் தனியாகப் பார்த்தாலும் முதலிடம் மோட்டார் சைக்கிளுக்கு, அடுத்த இடம் பாதசாரிக்கு.

இப்படிப்பட்ட கணக்குகளை ஊரோடு ஊர் ஒப்பிடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 2022-இல் அதிக விபத்து பதிவானது தமிழ்நாட்டில், 64,105. அதிகம் பேர் இறந்தது உத்தரப் பிரதேசத்தில், 22,595 பேர், அதுவும் 41,746 விபத்துகளில். கேரளத்தில் 43,910 விபத்து, இறந்தவர்கள் 4,317. உ.பி.யில் இரண்டு விபத்துக்கு ஓர் உயிருக்கு மேல், கேரளத்தில் பத்துக்கு ஒன்று. வீதியும் வைத்தியசாலையும் இதில் ஒரு பாதி என்றால், சின்ன விபத்தையும் பொலிஸ் புத்தகத்தில் எழுதுகிறார்களா என்பது மறு பாதி. விபத்து எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஊரையும் திட்டவும் கூடாது, புகழவும் கூடாது.

பணக்கார நாடென்றால் சரியாகிவிடும் என்றும் இல்லை. அமெரிக்காவில் 2009-இல் 4,109 பாதசாரிகள் இறந்தார்கள், 2022-இல் அது 7,500-ஐத் தாண்டியது. நியூ மெக்சிகோ, அரிசோனா, புளோரிடா போன்ற தெற்குப் பக்க மாநிலங்கள்தான் மோசம். அங்கே ஆறு தடம், ஏழு தடம் என்று அகலமான வீதி, ஒரு கடவைக்கும் அடுத்ததற்கும் நீண்ட தூரம், நாலில் மூன்று மரணம் இருட்டிய பிறகு. இன்னொரு பக்கம் ஒஸ்லோவிலும் ஹெல்சிங்கியிலும் 2019 முழுக்க ஒரு பாதசாரி கூட இறக்கவில்லை. அங்கே மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தைப் பல வீதிகளுக்கும் பரப்பினார்கள், வீதியைக் குறுக்கினார்கள். வேகம்தான் இங்கே எல்லாம்: 50-இல் வரும் காரின் முன்பக்கம் மோதுவதை விட 65-இல் வருவது மோதினால் இறக்கும் ஆபத்து நாலரை மடங்கு.

காலி வீதிக்கு வருவோம். கடவையில் ஆள் சாகும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான், பத்து நிமிடம் ஓரமாக நின்றாலே புரிந்துவிடும். இடது ஓரத்தில் வரும் பஸ் நிற்கிறது, ஆளுக்காக நின்றதோ ஆளை ஏற்ற நின்றதோ, அது வேறு விஷயம். கையில் சாமான் பையோடு ஓர் அம்மா இறங்கி நடக்கிறார். பஸ்ஸின் உடம்பு அவரை முழுசாக மறைத்துவிடுகிறது. இரண்டாவது தடத்தில் வருகிறவனுக்குத் தெரிவது நிற்கும் பஸ் மட்டும், முந்திவிடலாம் என்று மிதிக்கிறான். பஸ்ஸின் மூக்கைத் தாண்டி அந்த அம்மா எட்டிப் பார்க்கும் கணத்தில்தான் இருவரும் ஒருவரையொருவர் காண்கிறார்கள். கடவையில் நிற்கும் வாகனத்தை முந்தக் கூடாது என்ற விதி இதற்காகத்தான். அதனால்தான் பழகிய கொழும்பு ஆட்கள் பஸ்ஸின் முன் விளிம்பில் ஒரு தரம் நின்று, கழுத்தை நீட்டிப் பார்த்து, கையையும் நீட்டிக்கொண்டு மீதி வீதியைக் கடக்கிறார்கள். நடுவில் ஒரு திட்டு இருந்தால் இரண்டு தவணையாகக் கடக்கலாம், இல்லாத இடத்தில் நாலு தடத்தையும் ஒரே மூச்சில் கடக்க வேண்டும்.

மறுநாள் செய்தி 'வீதியைக் கடக்க முற்பட்டவர் மீது வாகனம் மோதியது' என்று வரும். கடவையிலா, வெளியிலா என்று பல நேரம் இருக்காது. செய்தி எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: 'முற்பட்டவர்' என்பது ஏதோ செய்யக் கூடாததைச் செய்யப் போனவர் போல ஒலிக்கிறது, 'கடவையில் கடந்துகொண்டிருந்தவர்' என்று எழுதினால் நடந்தது என்னவென்று தெரியும்.

எழுதும் முறை: பாதசாரிக் கடவை, இடையில் க் வரும். 'பாதசாரிகள் கடவை' என்றும் எழுதுகிறார்கள், அதுவும் தவறில்லை, அதற்கு ஒற்று வேண்டாம். மேலால் போவது மேம்பாலக் கடவை, நிலத்தடியில் போவது சுரங்கக் கடவை. பலகையில் இடம் போதாவிட்டால் கடவை என்று மட்டும் போடுங்கள்.